கம்பியில் தொங்காத வாக்கு

"அரசாங்கம் சொன்னதைச் செய்யலைன்னா அதை யாருப்பா முட்டி போட வைப்பாங்க?"

பஸ் கண்டக்டரின் மகள் ஏழு வயதில் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம், ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. அந்தக் கட்டடம் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டு அப்போது அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கைதட்டிக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லோரும் தட்டிய கையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

தனி நாடானதற்குக் குப்பைதான் காரணம். சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு நகராட்சிகள் எல்லையைப் புதிதாக வரைந்தன. ஒன்றின் எல்லை கட்டடத்தின் இடது சுவரோடு முடிந்தது. மற்றதன் எல்லை வலது சுவருக்கு அப்பால் தொடங்கியது. நடுவில் இருந்தவர்களின் குப்பையை அள்ளும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று இரண்டு பேருமே கைவிரித்துவிட்டார்கள். இரண்டு வருடம் மனு எழுதியதில், மனுக்களின் நகல்களே அரை மூட்டைக் குப்பையாகச் சேர்ந்ததுதான் மிச்சம். "நம்மள யாரும் சேர்த்துக்கலைன்னா நாமளே ஒரு நாடுதான்" என்று தரைத்தளத்து பிளம்பர் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். மற்றவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழந்தையின் கேள்விக்குப் பதிலாக நாட்டின் முதல் சட்டம் பிறந்தது. தேர்தல் மேடையில் கொடுக்கும் ஒவ்வொரு வாக்குறுதியையும் ஓர் அட்டையில் டைப் அடித்து, மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பிகளிலேயே நன்றாக வெயில் படும் முதல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். ஓர் அட்டைக்கு இரண்டு முழம் இடம். நிறைவேறினால் அட்டை இறங்கும். நிறைவேறாதவரை அந்த இரண்டு முழத்தில் யாரும் ஒரு கைக்குட்டைகூட உலர்த்தக் கூடாது. வருடக் கடைசியில் பாதிக்கு மேல் அட்டைகள் தொங்கினால் தலைவர் பதவியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

தலைவரை முட்டி போட வைக்கத்தான் சட்டம் போட்டார்கள். ஆனால் ஈரத்துணியும் கையுமாக நின்றதென்னவோ குடிமக்கள்தான்.

தேர்தலில் பிளம்பரும் கண்டக்டரும் நின்றார்கள். பிளம்பர் பதினாறு ஓட்டு வாங்கினார், கண்டக்டர் பதினைந்து. மேடையில் பேசப் பேச பிளம்பருக்கு உற்சாகம் பீறிட்டு, வாக்குறுதிகள் ஏழாகிவிட்டன. நாலாம் மாடிக்குக் காலையில் தண்ணீர், தேசியகீதம், பக்கத்துக் கட்டடத்தோடு தூதரக உறவு, நூலகம், காய்கறித் தோட்டம், தபால்தலை, ராணுவம்.

எட்டாவது ஒன்றும் இருந்தது. அது மேடையில் கொடுத்ததல்ல.

ஓட்டுக் கேட்டுப் போனபோது மூன்றாம் மாடியில் டைப்பிஸ்ட் அக்காவின் கதவைத் தட்டினார். அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். நாட்டின் செயலாளராக அட்டைகளையெல்லாம் அடிக்கும் பொறுப்பும் அவருடையதுதான். முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

"உங்களுக்கு என்னக்கா வேணும், சொல்லுங்க."

"எனக்கென்ன தம்பி வேணும்? முன்னெல்லாம் விடிஞ்சதும் மேல போய், கிழக்கப் பார்த்து ரெண்டு நிமிஷம் கும்பிட்டுட்டு வருவேன். நாலாம் மாடிக்கு பீரோ ஏத்துறோம்னு படிக்கட்டு வளைவுல கைப்பிடிக் கம்பிய அறுத்துட்டாங்களா, அதோட சரி. பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம கால் நடுங்குது."

"இவ்வளவுதானா? நாலடி குழாய்! ஜெயிச்ச மறுநாள் போட்டுடறேன்க்கா. இது என் வாக்கு."

பதினாறாவது ஓட்டு யாருடையது என்று பிளம்பருக்குத் தெரியும். மறுநாள் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. கம்பியில் தொங்காத வாக்கை ஞாபகப்படுத்த ஆளில்லை. அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் சுவரைப் பார்ப்பார், "நாளைக்கு" என்பார், படியேறிவிடுவார். ஊர் முழுக்கக் குழாய் மாட்டுகிறவர் வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், பாருங்கள், அந்த மாதிரி.

மற்ற ஏழில் தண்ணீரை முதல் மாதமே ஏற்றிவிட்டார். நாலாம் மாடியில் தண்ணீர் வந்த அன்று இரண்டாம் மாடியில் நின்றுபோனது வேறு விஷயம். தேசியகீதத்துக்கு மவுத்தார்கன் வாசிப்பவர் ஒரு மெட்டுப் போட்டார். வார்த்தை கிடைக்கவில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு முனகினார்கள், அதுவும் ஒரு மரியாதையாகத்தான் இருந்தது. தூதரக உறவுக்குப் பக்கத்துக் கட்டடத்திலிருந்து கடிதம் வந்தது: "உங்கள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி எங்கள் சுவரில் வழிகிறது." வெளிநாட்டுக் கடிதம் வெளிநாட்டுக் கடிதம்தானே என்று அந்த அட்டையையும் இறக்கினார்கள். மீதி நான்கும் வெயிலில் வெளிறிக்கொண்டு தொங்கின.

"உங்க ராணுவம் தொங்குற இடத்துல என் போர்வை காயும்ல?" என்பாள் பிளம்பரின் மனைவி.

"நாட்டோட பாதுகாப்பும்மா அது."

"வாசல்ல தூங்குற நாயைத்தானே ராணுவம்னு சொல்றீங்க? அதையே கூட்டிட்டு வந்து கம்பில கட்டிடுங்க. கார்டை எடுத்துடலாம்."

வருடம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை மாடியில் விசாரணை. சட்டப்படி செயலாளரே பட்டியலை வாசிக்க வேண்டும் என்பதால் டைப்பிஸ்ட் அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் எதிர்க்கட்சி, பின்னால் ஆளுங்கட்சி. கண்டக்டரும் பிளம்பரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். கம்பி இல்லாத அந்த வளைவில் கண்டக்டரின் கால் வழுக்க, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா சட்டென்று சுவரைப் பிடிக்கக் கை நீட்டினார். பிடிக்க ஒன்றுமில்லை. பிளம்பர் நாற்காலியைத் தன் மார்போடு அணைத்து நிறுத்தினார்.

"அப்பாடா!" என்றார் கண்டக்டர். "இந்த இடத்துல ஒரு கம்பி இருக்கக் கூடாதா தலைவரே?"

பிளம்பர் நாற்காலியை நிமிர்த்திப் பிடித்தார். அக்கா அந்த வாக்கைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் சொல்லாததுதான் பிளம்பரை உறுத்தியது.

மேலே வந்ததும் அக்கா முதலில் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். பிறகு கம்பியில் தொங்கிய அட்டைகளைப் பார்த்து, "நான் அடிச்ச எழுத்தெல்லாம் இப்படியா மங்கிப் போச்சு?" என்று சிரித்தார். ஒரு வருடமாக அவர் அடித்த அட்டைகள் தொங்கியதை அவர் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

கண்டக்டர் விசிலை ஊதினார். "ஹோல்டான்! விசாரணை ஆரம்பம். நூலகம் என்னாச்சு தலைவரே?"

"படிக்கட்டுக்குக் கீழ ரூமைத் திறந்தாச்சு. மூணு புஸ்தகம் இருக்கு."

"அதுல ஒண்ணு டெலிபோன் டைரக்டரி."

"படிக்கிறவங்க படிக்கலாமே! எத்தனை பேர் வர்ற கதை தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. காய்கறித் தோட்டத்தில் ஒரே ஒரு தக்காளிச் செடி இருப்பதும், அது காய்த்த ஒற்றைத் தக்காளியைக் காக்கை கொத்திவிட்டதும் நிரூபணமாயின. "அந்நியப் படையெடுப்பு" என்று பிளம்பர் வாதிட்டார். "அப்போ ராணுவம் எங்க போச்சு?" என்று மனைவியே எழுந்து கேட்டுவிட்டாள். சொந்த வீட்டிலிருந்தே எதிர்ப்பு வந்தபின் அரசாங்கத்தால் என்ன செய்ய முடியும்?

கண்டக்டர் அக்காவின் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தார். "அக்கா, ஏழுக்குக் கீழ எட்டுன்னு போட்டு, பக்கத்துல எக்ஸ் எக்ஸா அடிச்சிருக்கீங்க. எட்டாவது ஒண்ணு இருந்துச்சா?"

பிளம்பர் அக்காவின் விரலையே பார்த்தார். ஏழு அட்டைக்கு மட்டும் என்றால் பதவிதான் போகும். அக்கா எட்டாவதைச் சொல்லிவிட்டால், ஓட்டை வாங்கிக்கொண்டு முழங்கால் வலிக்காரியை ஏமாற்றியவன் என்று அத்தனை பேர் முன்னாலும் ஆகிவிடும். குனிந்த தலை ஆயுசுக்கும் நிமிராது.

அக்கா தாளைப் பார்த்தார். பிளம்பரைப் பார்க்கவில்லை. "விரல் தப்பிடுச்சுப்பா. வயசாகலையா?"

முப்பத்தைந்து வருடத்தில் அக்காவுக்கு விரல் தப்பியதாக யாரும் சொன்னதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அது அப்போது ஞாபகம் வரவில்லை, ஒருவரைத் தவிர. எழுத்துமேல் எழுத்தாக அடித்து அக்கா மறைத்தது தப்பான எழுத்தை அல்ல, பிளம்பருடைய மானத்தை. அதுவும் ஒரு வருடத்துக்கு முன்பே, பட்டியல் அடித்த அன்றே.

நான்கு அட்டைகள் தொங்கின; அரசு கவிழ்ந்தது. பிளம்பர் தன் பதவிச் சின்னமான திரைத்துணிப் பட்டையைக் கழற்றிக் கண்டக்டரின் தோளில் போட்டார். மனசு கனக்கும் என்று நினைத்திருந்தார். கனக்கவில்லை. தலைவருக்குத்தான் ஏழு அட்டைகள். பிளம்பருக்கு ஒன்றே ஒன்று, அதுவும் கம்பியில் இல்லாதது. மனிதர் கண்ணில் படாத வாக்கு, மேலே ஒருவன் கண்ணெதிரே தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

"தொட்டியில வால்வு ஒழுகுது போல, பார்த்துட்டு வந்துடறேன்" என்று மனைவியின் காதில் சொன்னார்.

"பதவி போனப்புறம்தான் வேலையே ஞாபகம் வருது" என்றாள் அவள்.

அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை. மொட்டை மாடிக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தரைத்தளத்துக்கு இறங்கினார். பட்டறை மூலையில் பழைய குழாய்கள் கிடந்தன. அவற்றில் படிக்கட்டுக் கைப்பிடியின் அதே பச்சை பெயிண்ட் அடித்த ஒன்றைத் தேடி எடுத்தார். நாலடி அளந்து அறுத்தார். இரண்டு முனையிலும் மரை வெட்டி, வளைவு இணைப்பு மாட்டி, சுவரில் பதியும் வட்டத் தகடுகளைத் திருகினார். எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு, டிரில் மிஷினோடு மூச்சிரைக்க வளைவுக்கு வந்தார்.

மேலே புதிய தலைவருக்காகத் தேசியகீதம் தொடங்கியது. முப்பது பேரும் வாய்மூடி முனகும் சத்தத்தோடு டிரில்லின் சத்தம் நன்றாகவே சேர்ந்துகொண்டது. கீதம் முடிவதற்குள் எட்டு ஓட்டைகளும் போட்டாகிவிட்டன. பிறகு விசில். பிறகு கண்டக்டரின் குரல், வாக்குறுதிகளை அடுக்கிக்கொண்டு.

"ஆறாவது, குப்பைக்கு வண்டி! ஏழாவது, விமானப்படை!"

"அப்பா, போதும்ப்பா" என்றது மகளின் குரல். "உனக்குத்தான் முட்டி வலிக்கும்."

சிரிப்பு அடங்கும்வரை பிளம்பர் ஸ்க்ரூவைத் திருகுவதை நிறுத்திவைத்தார். எட்டாவதைக் கேட்டபோது அவர் கை தானாகவே நின்றது.

"எட்டாவது, டைப்பிஸ்ட் அக்கா தடுமாறின அந்த வளைவுக்கு ஒரு கைப்பிடி! நிச்சயமா!"

கைதட்டல் படியில் உருண்டு இறங்கி வந்தது. பிளம்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இறங்கி வரும்போது பார்ப்பார்கள். பத்தே நிமிடத்தில் நிறைவேறிய வாக்குறுதி உலகத்தில் எந்த நாட்டில் உண்டு? போகட்டும், துணி காயப்போட இரண்டு முழம் கம்பி யாருக்காவது மிஞ்சும். கேட்டால், "அது எப்பவும் அங்கதானே இருக்கு" என்று சொல்லிவிட வேண்டியதுதான். பச்சைக்குப் பச்சை பொருந்தித்தான் இருந்தது.

கடைசி ஸ்க்ரூவை இறுக்கி, கம்பியைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வயதான கை ஒன்று பிடிப்பதுபோல, மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையை மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் லேசாகக் கீறியது. அரத்தை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். வழவழப்பானதும், வெறுங்காலில் குத்திவிடாதபடி படியில் சிதறியிருந்த இரும்புத்தூளை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.