மின்னல் விழுந்த மேடு

தூரத்திலிருந்து பார்த்தால் அந்த மேட்டில் புல் என்று சொல்ல எதுவுமில்லை. செம்மண்ணில் இடுப்புயரக் கரையான் புற்றுகள்தான். விடிகாலைப் பனியில் அவை படுத்துறங்கும் மாடுகள்போலத் தெரியும். கோயாஸ் மாநிலத்தில் எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலங்கள் பலவும் அப்படித்தான் ஓய்ந்துகிடந்தன.

ஜுரேமா தன் தம்பி அதெல்மோவோடு சேர்ந்து மாடு வளர்ப்பவள். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். மண்ணின் புளிப்பை முறிக்க எங்கே எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்று வண்ண வரைபடம் வந்தது. டிராக்டர் திரையில் அதை ஏற்றிவிட்டால், பின்னால் கட்டிய தூவும் வண்டி இடத்துக்கு இடம் தானே அளவை மாற்றிக்கொள்ளும்.

"ஓடைப் பக்கம் போடுக்கா. அங்கயாவது நாலு புல்லு இருக்கு. மேட்டுல கொட்டறதும் ஒண்ணுதான், ஆத்துல கொட்டறதும் ஒண்ணுதான்" என்றான் அதெல்மோ.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்டா. அளந்தாச்சு. மேடுதான் ரொம்பக் கேக்குது. வா, ஏறு."

"நான் வரல."

காரணம் அவளுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு மழை மாலையில், அவன்தான் பசுக்களை மேட்டு மரத்தடியில் ஒதுக்கினான். அவன் வேலிக்கதவைத் திறக்கப் போன நேரத்தில் மின்னல் இறங்கியது. பசுக்களை அங்கேயே புதைத்தார்கள். அதன்பின் அவன் மேட்டில் கால் வைக்கவில்லை.

"காபி இருக்கு, சீஸ் ரொட்டி இருக்கு. மேட்டப் பாக்காத, ரொட்டியப் பாத்துக்கிட்டே வா" என்றாள் ஜுரேமா. அவன் சிரித்துவிட்டான். ஏறிக்கொண்டான்.

வெண்தூசி எழுந்து வெயிலை மூடியது. மேகத்துக்குள் மிதப்பதுபோல டிராக்டர் மேடேறியது. திடீரென்று பின்னால் தூவல் நின்றது.

"கெட்டுப்போச்சா?"

"இல்லடா. இந்த இடத்துக்கு ஒண்ணும் வேணாமாம்." அவள் மெதுவாக வண்டியை நிறுத்தினாள். "உன் பசுங்க இங்கதான இருக்கு."

அவன் இறங்கினான். தூசி விலகியது. புற்றுகளுக்கு நடுவே ஒரு பாய் விரித்த அளவுக்குப் பச்சை. எலும்பும் சதையும் கரைந்த மண்ணில் புல் நெருக்கமாக வளர்ந்து, நுனி கடிபட்டிருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து அதில் கையை வைத்தான். ஈரமாக இருந்தது.

"மாடுங்க மேஞ்சிருக்கே."

"அதுங்க தெனம் வருது. நீதான் வரல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

முதல் மழை விழுந்ததும் உரமும் புல்விதையும் அதே வரைபடப்படி இறங்கின. வேர் பிடிக்கும்வரை மேட்டை அடைத்துவைத்தார்கள். வேலிக்கு வெளியே மாடுகள் நின்று கத்தின. "பொறுங்கடி, பசி தீரத் தின்னலாம்" என்று அவற்றோடு பேரம் பேசியவன் அதெல்மோதான்.

பிப்ரவரியில் மேடு காற்றில் பச்சையாக அலையடித்தது. மாடுகளைத் திறந்துவிட்ட காலையில் அவனே குதிரையில் முன்னால் ஏறினான். ஜுரேமா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மந்தையை அழைத்து அவன் இழுத்துப் பாடிய குரல் மேட்டிலிருந்து வந்தது. அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றாள்.