செத்தவீட்டில் ஒரு ஆட்சேபனை

தேனுகா வெற்றிலைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தட்டத்தின் நடுவில் கடதாசிகளை வைத்தாள். மேலே ஒரு பேனை.

“செத்தவீட்டில என்னடி இது?” என்றார் பெரியப்பா ஐயாத்துரை.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆட்களுக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். உள்ளே நடு அறையில் அப்பா கிடந்தார். நேற்றுக் காலை வாய்க்கால் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் எழும்பவில்லை.

“ஆட்சேபனை குடுக்கிற நேரம் இண்டைக்கு மூண்டு மணியோட முடியுது, பெரியப்பா.”

புதிய நகரத் திட்டத்தில், குளத்துக்கு மேலேயுள்ள காடு முழுக்கக் கடைகளும் வீடுகளும் வரவிருந்தன. மழைத் தண்ணீர் அந்தக் காட்டு வழியாகத்தான் குளத்துக்கு வருகிறது. அப்பா மூன்று மாதம் சைக்கிளில் அலைந்து வேறொரு படம் கீறியிருந்தார். ரோட்டோரக் கிரவல் மேட்டில் நகரம். காடும் ஓடையும் அப்படியே. குளத்து விவசாயிகளில் பாதிப்பேராவது ஒப்பமிட்டால்தான் ஆட்சேபனையை எடுப்போம் என்று கந்தோர் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வீடு வீடாகப் போனால் ஒருவர் வயலில், ஒருவர் சந்தையில். இன்று எல்லோரும் ஒரே பந்தலின் கீழ் இருந்தார்கள்.

பெரியப்பா படத்தைத் தூக்கிப் பார்த்தார். “என்ர காணிக்குள்ளாலயும் ஓடை கீறியிருக்கிறான் பார், கள்ளன்.” வந்த சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கை உறிஞ்சினார். “மாரியில ஓடுறதுதானே. கொண்டா பேனையை.”

தட்டம் புறப்பட்டது. பறை முழங்க முழங்கக் கதிரை கதிரையாகப் போனது.

“கண்ணாடி கொண்டுவரேல்லை பிள்ளை, ஒப்பம் எந்த இடத்தில வைக்கிறது?” என்றார் ஒரு கிழவர்.

“ஊருக்குக் கடை வாறதைக் கெடுக்கப் போறியளோ?” என்றான் ஒருவன்.

“கடை வேண்டாமெண்டு ஆர் சொன்னது? மேட்டில கட்டட்டும்!”

பந்தலே திரும்பிப் பார்த்தது. அது தன் குரல்தான் என்று தேனுகாவுக்கு நம்ப முடியவில்லை. அவன் பேனையை வாங்கினான். கடதாசியின் மறுபக்கமும் நிரம்பியது.

கொள்ளி வைக்கவேண்டிய அண்ணன் சதீஸ் ஈர வேட்டியோடு வந்து ஸ்கூட்டித் திறப்பை நீட்டினான்.

“கந்தோருக்கு நான் தனியவோ?”

“நேரத்தைப் பாரடி. ஓடு!”

சந்தியில் பாடை இடப்பக்கம் திரும்பியது. அவள் ஒருதரம் பார்த்துவிட்டு வலப்பக்கம் திருப்பினாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கந்தோர் எழுதுவினைஞர் முதற் பெயரை, அப்பாவின் பெயரை, வாசித்தார். “மயில்வாகனத்தார் வரேல்லையோ?”

“இல்லை,” என்றாள்.

முத்திரை டக்கென்று விழுந்தது. திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். உதட்டைக் கடித்தும் நிற்கவில்லை.

பெண்கள் வீடு கழுவி முடித்திருந்தார்கள். அம்மா விமலேஸ்வரி தோய்ந்து ஈரமான தலையோடு குசினிப் படியில் நின்றாள்.

“எடுத்தவங்களோ?”

“ஓம் அம்மா! சீல் குத்திப் பிரதியும் தந்தவை!”

அம்மா பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். “எல்லாரும் ஒப்பம் வைச்சிருக்கினம்.”

அப்போதுதான் தேனுகாவுக்கு உறைத்தது. தட்டம் பந்தலைத்தான் சுற்றியது. அம்மா இருந்த அறைக்குள் போகவேயில்லை.

“இனிக் குடுக்கேலாது, அம்மா.”

“தெரியும். பேனையைத் தா.”

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அம்மா பிரதியைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தாள். முதற் பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.