ஞாயிறு தோறும் காலை ஆறு முதல் ஒன்பது வரை

இருபத்தாறு வருஷம் உழைத்த இன்சூரன்ஸ் கம்பெனி, எட்டு மாதத்துக்கு முன் கிருஷ்ணசாமி என்கிற கிச்சாவுக்கு ஒரு பொன்னாடையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வெளியே அனுப்பியது. இனி நேரமே பார்க்க வேண்டாத ஆளுக்குக் கடிகாரம் கொடுப்பது யாருடைய யோசனையோ தெரியவில்லை.

அதன் பிறகு நாலு நேர்காணல். நாலிலும் அவருடைய ஐம்பத்தோரு வயதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்கள். இது ஐந்தாவது. இதுவும் போனால் மேற்கு மாம்பலத்தில் மச்சினனின் பாத்திரக்கடையில் உட்கார வேண்டியதுதான். மச்சினன் ஸ்டூல்கூட வாங்கி வைத்துவிட்டான்.

ரெஸ்யூமே தயாரித்தது மகள் மஹதி.

"அப்பா, கடைசிப் பக்கம் காலியா இருக்கு. ஹாபி, சமூக சேவை ரெண்டும் போடணும். இல்லேன்னா மனுஷனே இல்லைன்னு நினைச்சுப்பா."

"பேப்பர் படிப்பேன்."

"அது ஹாபி இல்லைப்பா, வயசு."

உள்ளேயிருந்து மனைவி ஜானுவின் குரல் வந்தது. "வெண்டைக்காயை ஸ்கேல் வச்ச மாதிரி நறுக்குவார். அதைப் போடுடி!"

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத் தலைவரான தன்னிடம் பேசுகிற பேச்சா இது? கிச்சாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே உட்கார்ந்து தட்டினார். 'பறவை நோக்கல்: பன்னிரண்டு ஆண்டுகளாக, ஞாயிறு தோறும் காலை ஆறு முதல் ஒன்பது வரை, அடையாறு முகத்துவாரம்.' அதற்குக் கீழே, 'எளிய குழந்தைகளுக்கு இலவசக் கணிதப் பயிற்சி. தொடர்புக்கு: திரு. கபாலி, ஒருங்கிணைப்பாளர்.'

திரு. கபாலி மந்தைவெளியில் அவர்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். கிச்சாவுக்கு வேலை போனது குடும்பத்துக்கு வெளியே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். யாரும் சொல்லவில்லை. "இன்னா சார், ரெண்டு வாரமா வேட்டியும் நைட்டியுமாவே வருது? ஆபீஸ் சட்டையக் காணோம்?" என்று அவரேதான் கேட்டார். அன்றிலிருந்து கிச்சா தினமும் பத்து மணிக்குப் பையோடு கிளம்பி அந்த வண்டியருகே நிற்பது வழக்கமாகிவிட்டது. சங்கத் தலைவர் பகலில் வீட்டில் இருந்தால் சங்கம் என்ன நினைக்கும்?

நேர்காணலுக்குக் கிளம்பும்போது ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி கபாலியிடம் சொன்னார். "யாராவது போன் பண்ணினா, பசங்களுக்குக் கணக்கு சொல்லித்தரேன்னு சொல்லு."

"எப்போன்னு கேட்டா?"

"ஏதோ ஒரு நாள். நீயே பார்த்துச் சொல்லேன்!"

தி.நகரில் அந்த மருத்துவமனை அலுவலகத்தின் இரண்டாவது மாடி. நோயாளிகளுக்கு இன்சூரன்ஸ் உதவி செய்யும் மேசைக்குப் பொறுப்பாளர் வேலை. எதிரே மேலாளர் ஜஹனாரா. ரெஸ்யூமேயை அவர் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"முகத்துவாரத்துல போன வாரம் என்ன பறவை பார்த்தீங்க?"

"கொக்கு மேடம்."

"என்ன கொக்கு?"

"வெள்ளைக் கொக்கு."

"அப்புறம்?"

"இன்னொரு கொக்கு."

ஜஹனாரா ரெஸ்யூமேயில் இருந்த கபாலியின் எண்ணைத் தட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். முதல் மணியிலேயே எடுத்தாகிவிட்டது. எடுக்காமல் இருந்திருக்கலாம்.

"கபாலிங்களா? கிருஷ்ணசாமி சாரைப் பத்தி விசாரிக்கணும்."

"தங்கமான மனுசன் மேடம்! பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தராரு. அல்லாரும் நூத்துக்கு நூறு!"

"எத்தனை பசங்க?"

"ஒரு முப்பது... நாப்பது கீது மேடம்."

ஏசி குளிரிலும் கிச்சாவின் கழுத்துப் பட்டை நனைந்தது.

"என்னிக்கு வகுப்பு?"

அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் கேட்டது. கபாலி யோசிக்கிறார். கடவுளே, சனிக்கிழமை என்று சொல்லிவிடு.

"ஞாயித்துக்கெழம மேடம். மத்த நாள்ல சாருக்கு ஆபீஸ் கீதுல்ல? காலீல ஆறு மணிக்கு வந்தார்னா ஒம்போது வரிக்கும் நவுர மாட்டாரு. பத்துப் பன்னெண்டு வருசமா ஒரு வாரம் தப்புனது இல்ல!"

ஜஹனாரா பேனாவை எடுத்து ஒரு வரியின் கீழே கோடு போட்டார். பிறகு அதற்கு மேல் வரியின் கீழே இன்னொரு கோடு. நிமிர்ந்து கிச்சாவைப் பார்த்தார்.

"சார் இங்கதான் உட்கார்ந்திருக்கார், கபாலி."

"அப்டியா?" குரல் மலர்ந்தது. "சார்! நான் கரீட்டா சொன்னனா?"

மச்சினன் கடை ஸ்டூல் கண்முன் வந்தது. மூன்று கால் ஸ்டூல்.

"போதும் கபாலி," என்றார் கிச்சா. "மேடம், ஞாயித்துக்கிழமை எட்டரை வரைக்கும் தூங்குவேன். எழுந்து வெண்டைக்காய் நறுக்குவேன். பறவையும் இல்லை, பசங்களும் இல்லை. மன்னிச்சுக்கோங்கோ." ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னா சார், இப்டி கவுத்துட்டியே!" ஸ்பீக்கர் அலறியது. "அப்போ எங்க அத்த ஆஸ்பத்திரி இன்சூரன்சு பாரம் யார் எழுதுனது? கம்பெனிக்காரன் மூணு தபா திருப்பி அனுப்சான். மூணு தபாவும் நீதான எழுதுன? மேடம், இப்போ ஆஸ்பத்திரி பாரம்னா ஏரியா ஜனமே என் வண்டியாண்ட வந்து நிக்குது. இவுரு இஸ்திரி போடுற எடத்துல பாரத்த விரிச்சு வெச்சு எழுதிக்கினு கீறாரு. நான் சட்டைய எங்க போடறது? என் பொழப்பே நாறுது! எழுதறப்போ அல்லாரையும் திட்டுவாரு வேற!"

ஜஹனாரா அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

"உட்காருங்க. இதை ஏன் நீங்க எழுதலை?"

"அதெல்லாம் பயோடேட்டாவுல போடற விஷயமா மேடம்? சும்மா நின்னுண்டிருந்தேன். வந்தவா கேட்டா. எழுதிக் குடுத்தேன்."

"மூணு தடவை திருப்பினாங்களே, அப்புறம்?"

"நாலாவது தடவை நேரா போய் அவா மேசைமேலேயே வச்சேன். பாஸாச்சு."

ஜஹனாரா கோடு போட்ட இரண்டு வரிகளையும் அடித்தார். அழுத்தி அடித்ததில் காகிதம் கிழிந்தது.

"நோயாளி முன்னாடி திட்டக் கூடாது."

"மாட்டேன் மேடம்."

"திங்கட்கிழமை வாங்க. மூணு மாசம் பார்க்கறேன். பொய் இன்னொண்ணு வந்தா அன்னிக்கே கிளம்பணும். அப்புறம், இந்த மேசைக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது. உங்களுக்குச் சிரமம் இருக்குமா?"

கிச்சா அடிபட்ட வரிகளைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக் கொக்குகளும் நாற்பது குழந்தைகளும் அங்கே மையில் கிடந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஒண்ணுமே கிடையாது மேடம்."

போனை யாரும் அணைக்கவில்லை போலிருக்கிறது.

"சார்," என்றார் கபாலி, "அப்போ நாளைக்கு ஆபீஸ் சட்டை வருமா?"