ராபின்சனின் காயில் வயர்

ஐம்பத்து நாலில், தெற்குத் திருவிதாங்கூரைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லும் எல்லைப் போராட்டம் முற்றியிருந்தது. பாறசாலைப் பக்கம் கார் வைத்திருந்தவனுக்கு இரண்டு தலைவலி. போலீஸ்காரனும் வண்டி கேட்பான், போராட்டக்காரனும் கேட்பான். என் பக்கத்து வீட்டு ராபின்சன் இரண்டு பேருக்கும் ஒரே மருந்து வைத்திருந்தான். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலிலிருந்து வயரைக் கழற்றி மடியில் செருகிக்கொள்வான். பானட்டைத் திறந்துவைத்து, "எம் புஷ்பத்தாண, வண்டி ஓடாது" என்று பெண்டாட்டி மேல் ஆணையிடுவான். அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் அதே சத்தியம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று ஹர்த்தால். பஸ் இல்லை. அவன் மனைவி புஷ்பபாய்க்குக் காலையிலேயே பிரசவ வலி எடுத்தது; உச்சிவெயிலாகியும் பிள்ளை வெளியே வரவில்லை. குறுக்கே கிடக்கிறது, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

ராபின்சன் வயரை மாட்டி ஹேண்டிலைச் சுற்றினான். வண்டி இருமக்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் ஒர்க்‌ஷாப் பழக்கம் உண்டு. சின்ன பல்பை வைத்துப் பார்த்தேன். காயிலின் ஒரு முனைவரை கரண்ட் வந்தது, மறுமுனையில் இல்லை. வயர் மாட்டும் திருகு, விழப்போகிற பல் மாதிரி ஆடியது. கழற்றிக் கழற்றியே உள்ளே இருந்த மெல்லிய கம்பி அறுந்துபோயிருந்தது.

"இது இனி ஆகாதுடே," என்றேன்.

"காஞ்சிரங்குளத்துல பொன்னப்பனுக்க வண்டி உண்டு. ஓடு மக்கா," என்று அழுதான்.

சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தேன். அங்கேயும் பானட் திறந்திருந்தது.

நான் வாய் திறக்கும் முன்பே, "எம் பிள்ளயளாண, வண்டி ஓடாது," என்றான் பொன்னப்பன்.

"அண்ணே, ராபின்சனுக்க பெண்டாட்டி சாவக் கிடக்கா."

"அவனுக்க வண்டிக்கு என்னவாம்?"

"காயில் போச்சு."

பொன்னப்பன் சிரித்தான். "எலே விஜயதாசே, யாருட்ட சொல்லுக? இந்த வேலய எனக்குப் படிப்பிச்சுத் தந்ததே அவனாக்கும். வயர மாட்டிட்டுப் போவச் சொல்லு."

காலில் விழுந்தேன். போராட்டக்காரர்களுக்கு வண்டி பிடிக்க வந்த ஆள் என்றே என்னை நினைத்துவிட்டான். கதவைச் சாத்தத் திரும்பியபோது அவன் மடியில் வயரின் நுனி தெரிந்தது.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே மிதித்தேன். பொன்னப்பனையா ராபின்சனையா, எனக்கே தெரியவில்லை.

முற்றத்தில் ராபின்சன் இன்னும் ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தான். உள்ளே புஷ்பபாயின் சத்தம் நின்றிருந்தது. மருத்துவச்சி அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள்; அவனுக்கு அது இன்னும் தெரியாது.