டேபிள் ஃபேனின் கடற்கரைப் பயணம்

கோடை வந்துவிட்டால் ஊரில் பாதிப் பேருக்குக் கடல் வேண்டும், மீதிப் பேருக்கு மலை வேண்டும். எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை வேண்டும், அதுவும் பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே வேண்டும். இந்த அடிபிடியை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சமாளிப்பவள் டிக்கெட்டக்கா. டிராவல்ஸ் ஆபீசுக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அது. ‘கூட்டமே இல்லாத இடமா சொல்லுங்க’ என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்து கேட்பவர்களிடம்கூட அவள் முகம் சுளித்ததில்லை.

அப்படிப்பட்டவள், அன்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் தட்டச்சு செய்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

டேபிள் ஃபேன்!

அவளுடைய பழைய கம்பெனியின் மேலாளர். யார் போய் லீவு கேட்டாலும் அவர் தலை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று நிதானமாகத் திரும்பும். அதனால் வந்த பெயர். எல்லோரும் சிரித்த அந்தப் பெயருக்கு அவளும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். அப்பா ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை.

அதுவும் இதுபோல ஒரு கோடைதான். ஊருக்குப் போக லீவு கேட்டு அவருடைய அறையில் நின்றாள். தலை திரும்பியது.

“சீசன் டைம்மா. எல்லாரும்தான் லீவு கேக்குறாங்க. பக்கத்துல உங்கம்மா இருக்காங்கல்ல?”

அதைச் சொல்லிவிட்டு அவர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார். அவருடைய வேலையும் சேர்ந்து அவள் தலையில் விழுந்தது. ஒருநாள் மத்தியானம் அங்கிருந்து ஃபோன் செய்தார். பின்னால் அலைச் சத்தம், குழந்தைகளின் கூச்சல். “என் ரூம் ஏசியை சரி பண்ணிட்டானா?” என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். அந்த ஃபோனை வைத்த கையோடு தம்பி கூப்பிட்டான். அப்பா போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் வேலையை விட்டாள். அழுகை கொஞ்ச நாளில் அடங்கியது. அவர் மேல் இருந்த ஆத்திரம் மட்டும் அடங்கவே இல்லை.

இப்போது அந்த மனிதர் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்து, “கடல் தெரியற மாதிரி பெரிய வீடு வேணும்மா. எங்கம்மா, தம்பிங்க குடும்பம், எல்லாரும் வர்றோம். சமையலறை கண்டிப்பா இருக்கணும். வெளிச் சாப்பாடு எங்க வீட்ல யாருக்கும் ஒத்துக்காது” என்றார்.

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் இவள் நெஞ்சில் குடியிருந்தவருக்கு இவள் ஒரு ஆளே இல்லை.

“அருமையான வீடு இருக்கு சார்” என்றாள்.

இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல். பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு ஐஸ் தொழிற்சாலை, விடிவதற்கு முன்பே இயந்திரம் உறுமத் தொடங்கும். அதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அந்த வீட்டைக் காட்டும்போது முதலில் அதைத்தான் சொல்லுவாள்.

இரண்டொரு நாள் கழித்து அவருடைய மனைவி வந்தாள், பயணிகளின் அடையாள அட்டை நகல்களைக் கொடுக்க. வங்கி வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை, சரிந்தாள். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு.

“அந்த வீட்டு அடுப்பு பெருசா இருக்குமா?” என்று கேட்டாள்.

“ஏன் மேடம்?”

“நான்தானே நிக்கணும் அதுக்கு முன்னாடி? வருஷா வருஷம் கடலுக்குப் போறோம்னு பேரு. நான் கடல்ல கால் நனைச்சதே இல்ல. ஒருத்தருக்கு டீ, ஒருத்தருக்குக் காபி, ஒருத்தருக்குச் சக்கரை இல்லாம. லீவு முடிஞ்சு ஆபீசுக்குப் போனாத்தான் எனக்கு ஓய்வே.”

டிக்கெட்டக்காவின் மனதில் ஐஸ் தொழிற்சாலை உறுமியது. இந்தப் பெண்ணும் அதைக் கேட்டுக்கொண்டு அடுப்பில் வேக வேண்டுமா? அடி வேறு யார் மேலோ விழப்போகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“உங்களைக் கேட்டா எங்க போவீங்க?”

“மலைக்கு. என் தங்கச்சியோட. ரெண்டு பேரும் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு, யாரும் எழுப்பாம தூங்கணும்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், நடக்காததைப் பேசிவிட்டவள் போல.

“போட்டுடலாமா?”

சிரிப்பு நின்றது. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவருக்குத் தெரிஞ்சா?”

“தெரியத்தான் போகுது. வண்டி ஏறும்போது தெரிஞ்சாப் போதும்.”

அங்கேயே கடல் வண்டியில் அவளுடைய இருக்கை ரத்தானது. அதே நாள் காலை, அடுத்த நடைமேடையிலிருந்து கிளம்பும் மலை வண்டியில் இரண்டு இருக்கைகள். ஐஸ் தொழிற்சாலை வீட்டை மட்டும் டிக்கெட்டக்கா மாற்றவில்லை. மாமியாருக்கு மட்டும், சத்தம் எட்டாத எதிர்ப்புற அறையை ஒதுக்கிவைக்கச் சொன்னாள்.

அவர்கள் கிளம்பும் நாளன்று அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். கண்ணால் பார்க்காவிட்டால் அது பாதிப் பழிதான்.

நடைமேடையில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே டேபிள் ஃபேன் குடும்பம் நின்றது. தம்பிகள், தம்பி மனைவிகள், கத்துகிற பிள்ளைகள், பெட்டிமேல் உட்கார்ந்திருந்த அம்மா. மனைவி கணவரிடம் ஏதோ சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. ஒரு சின்னப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு, படியேறி அடுத்த நடைமேடைக்குப் போய்விட்டாள். அங்கே தங்கை கையாட்டிக்கொண்டு நின்றாள்.

டீக்கடையோரம் நின்ற டிக்கெட்டக்காவைப் பார்த்ததும் அவர் பாய்ந்து வந்தார்.

“நீங்கதானே டிக்கெட் போட்டீங்க? என்ன வேலை இது? உடனே மாத்துங்க. அவளை எங்களோட அனுப்புங்க!”

“அனுப்புறதுக்கு அவங்க பெட்டி இல்ல சார்.”

“யார் சமைப்பா அங்க?”

“உங்களுக்குத்தான் கை இருக்கே.” அவள் அதோடு நிறுத்தவில்லை. “என்னைத் தெரியுதா சார்? உங்க கம்பெனியில ஸ்டோர் கணக்குப் பார்த்தேன்.”

அவர் நெற்றியைச் சுருக்கினார். “திடீர்னு வேலையை விட்டுட்டுப் போச்சே, அந்தப் பொண்ணா?”

“எதுக்கு விட்டேன்னு ஞாபகம் இருக்கா?”

தலை இடமிருந்து வலம் திரும்பியது. இந்த முறை உண்மையிலேயே தெரியாமல்.

“எங்கப்பா சாகக் கெடந்தாரு. லீவு கேட்டேன். நீங்க தரல. நீங்க மட்டும் கடலுக்குப் போயிட்டீங்க. நான் முகத்தைக்கூடப் பார்க்கல சார்.”

அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள்போலும். தம்பிகளின் பேச்சு நின்றது. பெட்டிமேல் இருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“நெஜமாவாடா?”

“சீசன் டைம்மா அது... ஆபீஸ்ல...”

“பெத்த அப்பனைப் பார்க்க விடலையா நீ?”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சின்ன மகனின் கையைப் பிடித்து வண்டி ஏறினாள். அவர் பெட்டிகளோடு தனியே நின்றார். முகம் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. டிக்கெட்டக்கா திட்டம் போட்டதில் இது இல்லை. ஆனால் இதைவிட இனிப்பாக எதையும் அவள் திட்டம் போட்டிருக்க முடியாது. அவர் பெட்டிகளை ஏற்றி, தானும் ஏறி, வண்டி நகரும்வரை நின்று ஆசைதீரப் பார்த்தாள்.

பள்ளிகள் திறந்த வாரத்தில் மனைவி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. மலையில் மழை பிடித்துக்கொண்டதாம், அக்காவும் தங்கையும் அறையை விட்டு வெளியே வரவே இல்லையாம், அதுபோல ஒரு சுகம் உண்டா என்றாள். கடலுக்குப் போனவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்களாம். தூக்கமும் இல்லை, சோறும் சரியில்லை, யார் பாத்திரம் கழுவுவது என்று தம்பி குடும்பங்களுக்குள் முட்டிக்கொண்டதாம்.

“மாமியார் இன்னும் அவரோட முகம் குடுத்துப் பேசல” என்றாள். “எல்லாத்தையும் சொன்னாங்க, உங்கப்பா விஷயம். ஒண்ணு கேக்கவா? இதை எனக்காகப் பண்ணீங்களா, உங்களுக்காகவா?”

பொய் சொல்ல டிக்கெட்டக்காவுக்கு மனம் வரவில்லை.

“எனக்காகத்தான்.”

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பரவால்ல. அடுத்த வருஷத்துக்கு எனக்காகப் பண்ணுங்க.”