இருபத்தேழாவது நிமிடம்

கூரை இருந்தும் அந்த வரிசை வரைக்கும் சாரல் அடித்திருந்தது. கிளைவ் தன் கோட்டுக் கையாலேயே இருக்கையைத் துடைத்துவிட்டு, "இதுதான் அவ இடம். உக்காரு" என்றான். பாலீன் உடனே உட்காரவில்லை. மடக்கு நாற்காலியைக் குனிந்து பார்த்தாள். முன்வரிசையின் முதுகில் காலணி பட்டுப் பட்டுப் பச்சைச் சாயம் போயிருந்த இடத்தைப் பார்த்தாள். "காலை இங்கயா வச்சுக்குவா?" என்றாள். ஆமாம் என்றான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் இந்த மைதானத்துக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. கால்பந்தாட்டம் என்றாலே அவளுக்கு ஆகாது. சனிக்கிழமை மதியம் அப்பனும் மகளும் பச்சைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினால், "போய்த் தொலைங்க, வீடாவது சுத்தமா இருக்கும்" என்று கதவைச் சாத்துகிறவள்.

மகள் லின்சி ஜனவரியில் செத்துப்போனாள். ராத்திரி படுக்கப் போனவள் காலையில் எழுந்திருக்கவில்லை. இதயத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்ததாம். இருபத்தேழு வருடம் யார் கண்ணிலும் படாமல் அவளோடு பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், இந்த நாற்காலியிலும் வந்து உட்கார்ந்திருந்ததாம். இறுதிச் சடங்கன்று தகனக்கூடத்தில் ஒரு குடும்பத்துக்கு இருபது நிமிடம்தான். பாதிரியார் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர்களின் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து பாலீன் பேசுவது குறைந்துபோயிற்று. எப்போதாவது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்க வச்சு அனுப்பிட்டாங்களே அவளை" என்பாள்.

இந்தக் குழுவின் ரசிகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் இறந்துபோனால், அவருக்கு என்ன வயதோ ஆட்டத்தின் அந்த நிமிடத்தில் மைதானமே எழுந்து நின்று கை தட்டும். ஆட்டம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அந்த ஒரு நிமிடம் முழுக்கக் கைதட்டலும் ஓடும். லின்சிக்கு இது ரொம்பப் பிடிக்கும். "ஆட்டமே தொண்ணூறு நிமிஷம்தான், தொண்ணூறு வயசு தாண்டினவங்க என்னப்பா பண்ணுவாங்க? அவங்களுக்கு நடுவர் கூடுதல் நேரம் குடுக்கணும்" என்று சிரித்தவள். கிளைவ் குழுவின் அலுவலகத்தில் சொல்லி, பெரிய திரையில் அவள் படம் காட்ட ஏற்பாடு செய்தான். மதுக்கடைச் சுவர்களில் சீட்டு ஒட்டினான். பாலீனிடம் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "எத்தனை பேரு?" "முப்பதாயிரம்." "முப்பதாயிரம் பேருமா?" "எல்லாரும்." ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக அவளாக ஒன்றைக் கேட்டாள். "என்னையும் கூட்டிட்டுப் போ."

நாள் குறித்தபோது இந்த ஆட்டம் இவ்வளவு பெரிதாகும் என்று அவனுக்குத் தெரியாது. அதற்குப் பின் வரிசையாகத் தோற்று, பச்சைச் சட்டைக்காரர்கள் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். இன்று ஜெயிக்காவிட்டால் முதல் பிரிவிலிருந்து இறங்க வேண்டியதுதான். ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. இந்தப் பதற்றத்தில் யாருக்கு லின்சி ஞாபகம் இருக்கும் என்றுதான் வழியெல்லாம் அவன் நினைத்துக்கொண்டு வந்தான்.

வலப்பக்கத்து இருக்கை டெஸ்ஸுடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய தொண்டை. பாலீனைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "வாம்மா பாலீன். இவனை நம்பி இத்தனை வருஷம் பொண்ணை அனுப்பி வச்சியே, உன் தைரியமே தைரியம்." பாலீன் லேசாகச் சிரித்தாள். பிறகு பையிலிருந்து பச்சைக் கம்பளிக் கையுறைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பின்னியவைதான்.

"வருஷா வருஷம் புதுசு பின்னிக் குடுப்பேன். ரெண்டே மாசத்துல விரல் நுனியெல்லாம் கடிச்சுக் குதறி வச்சிருப்பா. ஏன்டின்னா சொல்லவே மாட்டா."

"கை தட்டறதுக்கு" என்றான் கிளைவ். "உறையோட தட்டினா சத்தம் வராதாம். எல்லாரும் தட்ட ஆரம்பிச்சப்புறம் பல்லால ஒண்ணொண்ணா இழுத்துக் கழட்டிட்டுத் தட்டுவா. அதனால எப்பவும் ஒரு நொடி பிந்திதான் அவ சத்தம் வரும்."

பாலீன் நூல் பிரிந்த நுனிகளைத் தடவிப் பார்த்தாள். "எங்கிட்ட நீங்க ரெண்டு பேரும் எதையுமே சொன்னதில்ல" என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. பாலீன் புல்லைப் பார்க்கவே இல்லை, மேலே திரையில் ஓடிய கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளைவ் அவளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இருபத்தேழு வந்தது. திரையில் லின்சி வந்தாள், போன கோடையில் கடற்கரையில் எடுத்த படம், காற்றில் முடி வாயில் விழுந்திருக்க. கோலுக்குப் பின்னால் இருந்த பகுதியில் முதல் கைதட்டல் எழுந்தது. மறக்கவில்லை, பாவிகள் மறக்கவில்லை. சத்தம் வளைவைத் தாண்டி இவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பச்சைக்கு மூலையிலிருந்து உதைக்க ஒரு கார்னர். முன்வரிசைகள் எழுந்து நிற்க, குள்ளமான பாலீன் முதுகுகளுக்கு நடுவில் புதைந்துபோனாள். பந்து உயர்ந்து வந்தது, நெட்டையான தடுப்பாட்டக்காரன் ஒருவன் எல்லார் தலைக்கும் மேலே எழும்பி நெற்றியால் இடித்தான், வலை குலுங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கிளைவ் செய்யவில்லை, அவன் உடம்பு செய்தது. தொண்டை கிழியக் கத்தினான். துள்ளினான். எத்தனையோ வருடம் எத்தனையோ கோலுக்குத் திரும்பியது போலவே இடப்பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் மகளை வாரி இறுக்கிக்கொண்டான். முகத்தில் பட்ட தலைமுடியில் வேறு சோப்பு வாசனை வந்த பிறகுதான் கைக்குள் இருப்பது பாலீன் என்று தெரிந்தது. அந்தச் சில நொடிகள் லின்சி உயிரோடு இருந்தாள். அவை முடிந்ததும் அவள் இன்னொரு தடவை செத்தாள்.

திடீரென்று மைதானம் அடங்கியது. நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். எங்கோ தொலைவில் ஓர் அறையில் வீடியோவில் கோலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பதாயிரம் பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். பாலீன் கண்ணை மூடித் தலை குனிந்து, கையுறைகளை நெஞ்சோடு பிடித்திருந்தாள். நடுவர் கையை உயர்த்தி, கோல்தான் என்று நடுக்கோட்டைக் காட்டியதும் மறுபடி இடி விழுந்த மாதிரி ஓர் ஆரவாரம். காலடியில் சிமெண்ட் அதிர்ந்தது.

சத்தம் ஓய்ந்து எல்லாரும் உட்கார்ந்தபோது பாலீனின் முகம் முழுக்கக் கண்ணீர். மூன்று மாதமாக இறுகிக் கிடந்த முகம் இளகியிருந்தது. "எவ்வளவு மரியாதையா பண்ணினாங்க கிளைவ்" என்றாள். "அப்படி ஒரு சத்தம். அப்புறம் அப்படி ஒரு மௌனம். மறுபடியும் அப்படி ஒரு சத்தம். ராணி செத்தப்பகூட இப்படி நடந்திருக்காது." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் கோல் போட்டவன் முஷ்டியை ஆட்டிக்கொண்டிருந்தான். லின்சியின் நிமிடம் போய்விட்டிருந்தது.

இடைவேளையில் தேநீர் வாங்கக் கீழே போனபோது முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவன் முதுகில் தட்டினார்கள். "உன் பொண்ணுதான்யா போட்டா அதை!" அவன் தலையாட்டிவிட்டு ஓடி வந்தான். இரண்டாம் பாதி முழுக்க அவன் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான். பச்சை இன்னொரு கோல் போட வேண்டும். எப்படியாவது, யார் காலிலாவது பட்டு. பார், இதுதான் கோல் என்று பாலீனிடம் காட்டிவிடலாம். அந்த முதல் சத்தம் லின்சிக்கே இருந்துவிட்டுப் போகும். வெற்றிக்காக அவன் இப்படித் தவித்ததே கிடையாது. நடுவில் பாலீன் ஒரு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தாள். ஆனால் பச்சை அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இன்னொன்று ஆளில்லாத வலைக்கு வெளியே போனது. ஒவ்வொரு தடவையும் அவன் இடது விலாவில் யாரோ முழங்கையால் குத்தினார்கள். லின்சி அப்படித்தான் குத்துவாள். திரும்பினால் பாலீன் கையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசி விசில் ஊதியபோது ஊர் அழுதது, பாடியது. "ஜெயிச்சிட்டோமா?" என்றாள் பாலீன்.

"ஜெயிச்சிட்டோம். ஒண்ணு பூஜ்யம்."

"ஒண்ணா? அதை நான் பாக்கவே இல்லையே. எப்ப போட்டாங்க?"

"நீ கழிப்பறைக்குப் போனியே, அப்ப..." என்று அவன் தொடங்கியபோதே டெஸ் குனிந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "அவ நிமிஷத்துல விழுந்துச்சு பாரு பாலீன், அவளேதான் போட்டா அந்தக் கோலை! கை தட்டவே விடல, கழுத, எல்லாரையும் குதிக்க வச்சுட்டா. நல்லாயிரும்மா." தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர். அவரைத் திட்டக்கூடக் கிளைவுக்கு மனம் வரவில்லை.

கூட்டம் வடிந்தது. பாலீன் எழுந்திருக்கவில்லை. எதிர்ப்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே நாற்காலிகள் வரிசை வரிசையாக மடங்கிக் கிடந்தன. மஞ்சள் சட்டை போட்ட காவல் பெண் ஒருத்தி படியேறி வந்து, "கதவடைக்கணும் சார்" என்று சொல்ல வந்தவள், பாலீனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் இருந்துட்டு வாங்க" என்று இறங்கிப் போனாள்.

"அப்போ அந்தச் சத்தம் அவளுக்கு இல்ல."

"ஆரம்பிச்சாங்க பாலீன். சத்தியமா ஆரம்பிச்சாங்க. நம்ம பக்கம் வந்துக்கிட்டே இருந்துச்சு."

"அந்த மௌனம்?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவள் கையுறைகளின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி நேராக்கினாள். பிறகு அவனைப் பார்க்காமலே கேட்டாள். "என்னைக் கட்டிப் பிடிச்சியே. அவ போனதுக்கப்புறம் நீ என்னைத் தொட்டதே அப்பதான். அதுவும் கோலுக்குத்தானா?"

அவனால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "லின்சின்னு நினைச்சுட்டேன்" என்றான்.

பாலீன் எழுந்தாள். கையுறைகளை நாற்காலியில் வைத்தாள். யாருமில்லாத மைதானத்தைப் பார்த்துக்கொண்டு கை தட்ட ஆரம்பித்தாள். மெல்ல அல்ல, உள்ளங்கை சிவக்கிற மாதிரி, கோபமாக, ஒவ்வொன்றாக. கிளைவும் எழுந்தான். தட்டுவதற்காகக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். எதிர்ப்பக்கத் தகரக் கூரையின் இருட்டிலிருந்து அதே கைதட்டல் திரும்பி வந்தது, ஒவ்வொரு தடவையும், ஒரு நொடி பிந்தி.

பாலீனுக்குக் கை ஓய்ந்தது. அங்கே இன்னும் ஒரு தட்டல் பாக்கி இருந்தது.