சைரன்காரரின் கார்

பட்டறை ஷட்டரை அவள் மூன்றாவது முறையாக உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். அது பாதி திறந்துதான் இருந்தது. குனிந்து உள்ளே போயிருக்கலாம். இந்த இடத்துக்குள் குனிந்து நுழைய அவளுக்கு இஷ்டமில்லை.

"வரேன், வரேன்" என்றபடி ஷட்டரைத் தூக்கிவிட்ட ஆள், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நாற்பது வயதிருக்கும். கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்துகிறவர். அப்பா வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'நம்ம சவுண்டு' என்பார், ஏதோ கூடப் பிறந்த தம்பி மாதிரி.

"மேடம்... நானே வீட்டுக்கு வரணும்னு கிளம்பிட்டிருந்தேன்."

"ஒண்ணும் வர வேணாம். அப்பாவோட அடையாள அட்டை கார்ல இருக்கு. எடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. முந்தின நாள் பகலில் இதே பட்டறையில், தன் இருபத்தாறு வயதுக் காரின் ஓட்டுநர் இருக்கையில், அப்பா இறந்துபோயிருந்தார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது உடலை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். இறப்பைப் பதிய அட்டை கேட்கிறார்கள் என்று சித்தப்பா விடிந்ததிலிருந்து அலமாரிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். காரில்தான் இருக்கும் என்று அம்மா சொன்னதும் இவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா போறே? நான் போய்ட்டு வரேன்" என்றார் சித்தப்பா. அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். அந்த ஸ்பீக்கர்காரரை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நேற்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு அறுபத்தெட்டு வயதில் காரில் பாட்டுக் கேட்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு பிளேயரை வாங்கி மாட்டினால் போதாதாம். திட்டம் போட வேண்டுமாம். சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு மேஜையில் தாளை விரிப்பார். முன் கதவுகளில் பெரிதாக இரண்டு, கண்ணாடி ஓரத்தில் சின்னதாக இரண்டு. ஆம்ப்ளிஃபயரை டிக்கியில் வைத்தால் இடம் போய்விடும், அதனால் சீட்டுக்கு அடியில். டாஷ்போர்டை வெட்டவே கூடாது. பழைய கேசட் பிளேயர் இருந்த பொந்துக்குள்ளேயே புதியது அடங்க வேண்டும். கதவுத் தகரம் அதிராமல் இருக்க உட்பக்கம் தார் ஷீட் ஒட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் ஒயரைத் தடிமனாக மாற்றாவிட்டால் ஹெட்லைட் போட்டதும் பாட்டு மூச்சடைத்துவிடும்.

"முப்பத்தோரு வருஷம் தலைக்கு மேல ஒரே ராகம். இனிமேலாவது வேற ஏதாவது கேக்கறேனே" என்பார். தெருவில் அவருக்குப் பெயரே சைரன்தான்.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "மூட்டு மூட்டா ஆடற வண்டிக்கு இதெல்லாம் தேவையாப்பா? இந்தக் கவனத்தை உடம்பு மேல வைங்களேன். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது."

"பழைய இன்ஜின்மா. வாங்கத்தான் செய்யும்."

நேற்றுக் காலைகூட வாசலில் நின்று கூப்பிட்டார். "ஒரு அரை மணி நேரம் வாயேன். இன்னைக்குத் தற்காலிகமா மாட்டிப் பாட்டு போட்டுக் காட்டறாராம். கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

"எனக்கு வேலை இருக்கு. உங்களை மாதிரி ரிட்டயராகி உக்காந்திருக்கேனா?"

அவர் சிரித்துக்கொண்டே, சாவியை விரலில் சுழற்றியபடி போனார்.

அந்தக் கார் இப்போது பட்டறையின் நடுவில் கதவுகளை விரித்துக்கொண்டு நின்றது. உட்புற அட்டைகளைக் கழற்றியிருந்ததால் கதவுகளின் வெறும் தகரமும் துளைகளும் தெரிந்தன. இரண்டு புது ஸ்பீக்கர்கள் ஒயரில் தொங்கின. ஓட்டுநர் இருக்கையின் பக்கம் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போய், இடது புறத்தில் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். அட்டை மேலேயே இருந்தது. அதற்குக் கீழே மடித்து வைத்த திட்டத் தாள்கள். தாள்களுக்கு அடியில் ஒரு குப்பி.

கட்டைவிரல் நீளத்தில் பழுப்புக் கண்ணாடிக் குப்பி. அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படிக்க வேண்டியதில்லை. மருத்துவமனைத் தெருவில் பதினேழு வருடமாக மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். வாரத்துக்கு நாலு பேருக்காவது இதே குப்பியை எடுத்துக் கொடுக்கிறவள். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. ஒட்டியிருந்த சீட்டில் அப்பாவின் பெயர் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் ஏதோ ஒரு கடையின் முத்திரை இருந்தது. மகள் நிற்கிற கடை வீட்டிலிருந்து நாலு எட்டு. அதைத் தாண்டி, ஊரையே தாண்டி, வண்டி ஓட்டிப் போய் வாங்கியிருக்கிறார்.

குப்பியை ஆட்டினாள். பாதிக்கு மேல் காலி.

"இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்." ஸ்பீக்கர்காரர் தரையைப் பார்த்தார். "முதல் நாளே சொல்லிட்டாரு. இருதயத்துல அடைப்பு இருக்கு, ஆபரேஷன் தாங்காதுன்னுட்டாங்க, அதனால ரொம்ப இழுத்தடிக்காம முடிச்சுக் குடு தம்பின்னாரு. வீட்ல எல்லாருக்கும் தெரியும்னுதான் நான் நெனச்சேன்."

"எனக்குத் தெரியாது."



"நேத்து என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னாரு. கூட்டினேன். திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பெட்டியைக் காட்டினாரு. குப்பியைத் திறந்து ஒண்ணு குடுத்தேன். 'அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும், எத்தனையோ தடவை வந்திருக்கு'ன்னாரு. பாட்டை நிறுத்திட்டுக் கூடவே நின்னேன். கடிகாரத்தைப் பாத்துட்டே நின்னேன் மேடம்."

"அஞ்சு நிமிஷம்."

"ஆமா."

"ஆம்புலன்ஸ் கூப்பிடாம. சும்மா. மரம் மாதிரி."

"அஞ்சு நிமிஷம் ஆனதும் கூப்பிட்டேன். உடனே வந்துட்டாங்க. ஸ்ட்ரெச்சரை இறக்கினவரு, 'ஐயோ, நம்ம சைரன்'னு கத்திட்டாரு. அதுக்குள்ள..."

அவள் கை தன்னால் எழுந்தது. ஸ்பீக்கர்காரர் விலகவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பதுபோல நின்றார். அதே நேரம் அவள் காதில் அவளுடைய குரலே கேட்டது. ஒண்ணு வைங்க. அஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க. குறையலன்னா உடனே ஆம்புலன்ஸ். ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, இந்தக் குப்பியை வாங்கும் ஒவ்வொருவரிடமும் அவள் சொல்கிற வார்த்தைகள். புரிந்ததா என்று திருப்பிச் சொல்லவும் வைப்பாள். இந்த ஆள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. அவள் கற்றுக் கொடுத்திருந்தால்கூட இதைத்தான் செய்திருப்பார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எழுந்த கையால் கார்க் கதவை அறைந்து சாத்தினாள். அட்டையில்லாத கதவு பழைய டின் மாதிரிச் சத்தம் போட்டது.

"வண்டியை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சித்தப்பா அட்டையை வாங்கிக்கொண்டு ஓடினார். கூடத்தில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா இவளைப் பக்கத்தில் இழுத்து, "நல்ல சாவும்மா. வலி தெரியாமப் போய்ட்டாரு" என்றாள்.

"வலி தெரியலன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

பெரியம்மாவின் கை தானாக விலகியது. இவள் நேரே சமையலறைக்குப் போனாள். அம்மா தனியாக நின்று, வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் கேட்கவில்லையாம். இவள் குப்பியை மேடைமேல் டக்கென்று வைத்தாள்.

அம்மா அதைப் பார்த்தாள். இது என்ன என்று கேட்கவில்லை. எங்கே கிடைத்தது என்றும் கேட்கவில்லை. அடுத்த டம்ளரை எடுத்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே. டாக்டர்கிட்ட நான்தானே கூடப் போனேன்."

"அப்ப ஸ்பீக்கர் மாட்டறவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். ஊர்ல இருக்கற நோயாளிக்கெல்லாம் நான் வேணும். என்னைப் பெத்தவருக்கு மட்டும் நான் வேணாம்!"

"கத்தாதே. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

கூடத்தில் பேச்சு நின்றுபோனது. அம்மா குழாயை மூடினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட சொன்னா முதல் வேலையா நீ கார் சாவியைப் பிடுங்கிடுவேன்னாரு."

"பிடுங்கத்தான் செஞ்சிருப்பேன். பிடுங்கியிருந்தா இன்னும் ஒரு வருஷமாவது இருந்திருப்பாரு."

"இருந்திருப்பாரு" என்றாள் அம்மா. "இங்க, இந்த ஜன்னல் பக்கத்துல. நீ அளந்து போடறதைச் சாப்பிட்டுட்டு." அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "உப்பைக் குறைச்சே. காபியை நிறுத்தினே. மாடிப்பக்கம் போகாதீங்கன்னே. எல்லாம் அவர் நல்லதுக்குத்தான். நான் இல்லேங்கல. அவரும் மறுபேச்சுப் பேசாமக் கேட்டுக்கிட்டாரு. இது ஒண்ணை மட்டும்தான் மறைச்சாரு. என்னையும் மறைக்கச் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

அவள் குப்பியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.   சித்தப்பா சமையலறை வாசலில் வந்து தொண்டையைச் செருமினார்.

"ரெண்டரை ஆச்சு. முகம் பாக்கறவங்க பாத்துக்கங்க."

அவள் போய் நின்று பார்த்தாள். அழுகை வரவில்லை. வாங்க எழுந்திரிங்க, எனக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் படுங்க என்று தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அப்பாவின் முகத்தில் பொய் சொன்ன சாயலே இல்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் நான்கு பேர் முன்னால் வந்தார்கள். எல்லாரும் வயதானவர்கள். இருந்தாலும் குனிந்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. "தலைப்பக்கம் மெதுவா, அலுங்காம" என்றார் ஒருவர், உயிரோடு இருப்பவரைத் தூக்குகிற மாதிரி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மறுபடி பட்டறைக்குப் போனாள்.

"பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிடுங்க. இன்னைக்கே வண்டியை எடுத்துட்டுப் போகணும்."

ஸ்பீக்கர்காரர் பழைய ஸ்பீக்கர்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார முடியாமல் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்த தாள்களை எடுத்துப் பிரித்தாள். அப்பாவின் குண்டு குண்டான எழுத்து. காரை மேலிருந்து பார்ப்பதுபோலக் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஒயரும் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அம்புக்குறி இட்டிருந்தார். முதல் கட்டம், முன் கதவுகள். இரண்டாம் கட்டம், ஆம்ப்ளிஃபயர். மூன்றாவது தாளில், 'பின் கதவுகள், பின் சீட்டுக்குத் தனி ஸ்பீக்கர், அடுத்த வருடம்' என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"அடுத்த வருஷமாம்!" என்று கத்தினாள். "ஆபரேஷன் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்ட மனுஷனுக்கு அடுத்த வருஷம் பின் சீட்டுக்குப் பாட்டு வேணுமாம்!"

ஸ்பீக்கர்காரர் ஸ்குரூ டிரைவரோடு திரும்பினார். "அது மூணாவது கட்டம் மேடம். நான்கூடச் சொன்னேன், ஒரேயடியா முடிச்சிடலாமேன்னு. வேணாம், கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும்னாரு."

அவள் எழுந்து ஷட்டர்வரை போனாள். தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது திரும்பிப் போகும்வரை முதுகைக் காட்டி நின்றாள். பிறகு உள்ளே வந்து தாள்களை அவர் முன்னால் வைத்தாள்.

"முதல் ரெண்டு கட்டத்தை முடிச்சுக் குடுங்க. இதுல எழுதியிருக்கற மாதிரியே. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அவர் தலையாட்டினார். அதன்பிறகு இரண்டு மணி நேரம் வேலை நடந்தது. ஈயப் பற்றின் புகை கிளம்பியது. தார் ஷீட்டை விளக்கில் வாட்டிக் கதவுக்குள் ஒட்டினார். ஒயர்களை மிதியடிக்குக் கீழே விட்டார். சீட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து எதையோ முடுக்கினார். கதவு அட்டைகளை ஒவ்வொரு கிளிப்பாகத் தட்டி உட்கார வைத்தார். கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தயங்கி நின்றார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேக்காம முடிக்க முடியாது."

"என்ன?"

"வண்டியை ஓட்டப் போறது யாரு?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"இல்ல, சாருக்குன்னு வெச்ச அளவு இது. சைரன் கேட்டுக் கேட்டு அவருக்கு வலது காது மந்தம். அதனால அந்தப் பக்கம் சத்தத்தைத் தூக்கி வெச்சிருக்கேன். உங்களுக்கு அது இடிக்கும். உங்க அளவுக்கு மாத்தணும்னா ஸ்பீக்கர்லேர்ந்து உங்க காதுக்கு எவ்வளவு தூரம்னு அளக்கணும், நீங்க உள்ள உக்காரணும்."

அவள் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள். கால் கிளட்ச்சுக்கு எட்டவில்லை. கீழே கையை விட்டு நெம்புகோலைப் பிடித்து இருக்கையை முன்னால் இழுத்தாள். துருவேறிய தண்டவாளத்தில் அது கரகரவென்று நகர்ந்து, நாலு பல் தாண்டி நின்றது.

ஸ்பீக்கர்காரர் கதவோரம் மண்டியிட்டு அளவு டேப்பை இழுத்தார். ஒரு முனையை ஸ்பீக்கரின் நடுவில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவள் காதுக்கு அருகே, படாமல் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் தலையை ஆட்டாம இருங்க மேடம்."

அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். தாடையை இறுக்கிக்கொண்டு, கழுத்தை நேராக வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, அடுத்த பக்கம் அளக்க எழுந்து போனார்.